ஷாம்பெயின் குடும்ப நிறுவனம் இயற்கை முறைக்கு மாறுவதென்றால்: எந்தச் சான்றிதழ், எந்த வரிசையில்?

ஷாம்பெயின் பகுதியில் ஒரு குடும்ப நிறுவனம் இயற்கை முறைக்கு மாறலாமா என்று யோசிக்கத் தொடங்கியதும் பேச்சு முழுக்கத் தோட்டத்தைச் சுற்றியே ஓடும். களைக்கொல்லியை எப்போது நிறுத்துவது, எந்த டிராக்டர் வாங்குவது, செம்பு மருந்து போதுமா என்பவைதான் கேள்விகள். அவையும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கை நிலவறையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சான்றிதழ் கொடிக்குக் கிடைத்தாலும் அதன் முத்திரை ஒட்டப்படுவது பாட்டிலில். பாட்டிலுக்குள் இருப்பதோ பல கிராமங்களின், பல ஆண்டுகளின் கலவை.

ஒரு மாதிரி நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். சொந்தத் தோட்டம் 18 ஹெக்டேர். சுற்றுவட்டார விவசாயிகளிடமிருந்து இன்னும் 42 ஹெக்டேரின் பழம் வாங்குகிறார்கள். ஹெக்டேருக்கு 10,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பெயின் விதிப்படி 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்கக் கூடாது: முதல் பிழிவு 2,050 லிட்டர், இரண்டாவது 500. அதாவது 4,000 கிலோவுக்கு 3,400 பாட்டில். சொந்தப் பழத்தில் 1,53,000 பாட்டில், வாங்கும் பழத்தில் 3,57,000 பாட்டில். சொந்தத் தோட்டம் முழுவதையும் மாற்றினாலும் மொத்தத்தில் 30 சதவீதம்தான் இயற்கை. போதாக்குறைக்கு, ஆண்டு குறிப்பிடாத ப்ரூட்டில் (இனிப்புக் குறைந்த வழக்கமான ஷாம்பெயின்) பழைய ஆண்டுகளின் சேமிப்பு ஒயின் கால் பங்கோ அதற்கு மேலோ இருக்கும். மாற்றத்துக்கு முன் எடுத்த ஒயின் ஒரு துளி கலந்தாலும் அந்தப் பாட்டிலுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சை இலை இயற்கை முத்திரை கிடையாது.

இந்த 30 சதவீதத்தை நினைவில் வைத்துக்கொண்டுதான் எந்த வழியையும் எடைபோட வேண்டும்.

வி.டி.சி., எச்.வி.இ.: எளிது, ஆனால் இயற்கை முறை அல்ல

வி.டி.சி. என்பது தொழிலின் பொது அமைப்பான கொமிதே ஷாம்பெயின் 2014-ல் கொண்டுவந்த நிலைத்த திராட்சைச் சாகுபடிச் சான்றிதழ். எச்.வி.இ. (உயர் சுற்றுச்சூழல் மதிப்பு) பிரெஞ்சு வேளாண் அமைச்சகத்தினுடையது. பல்லுயிர், பயிர்ப் பாதுகாப்பு, உரம், நீர் ஆகிய நான்கு தலைப்புகளில் மதிப்பெண் போட்டு மூன்று ஆண்டுகளுக்குத் தருகிறார்கள். 2023 முதல் எச்.வி.இ. விதிகள் இறுக்கப்பட்டன. செலவுக் கணக்கை மட்டும் காட்டித் தேறிவிடும் பழைய குறுக்கு வழி அத்தோடு அடைபட்டது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே தணிக்கை வைத்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி.

இரண்டுமே செயற்கைப் பூஞ்சைக்கொல்லியைத் தடுப்பதில்லை. 2025-க்குள் களைக்கொல்லி இல்லாத ஷாம்பெயின் என்று கொமிதே ஷாம்பெயின் 2018-ல் அறிவித்த இலக்கும் ஏயோசி விதிகளில், அதாவது ஷாம்பெயின் என்ற பெயரைப் பயன்படுத்துவதற்கான சட்ட விதிகளில், கட்டாயமாக ஏறவில்லை. வாங்குபவர் "இது ஆர்கானிக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் இதை ஏளனமாகத் தள்ளிவிடக் கூடாது. பழம் தரும் 42 ஹெக்டேர் விவசாயிகளையும் ஓரிரு பருவத்துக்குள் கூட்டிச்செல்லக்கூடிய வழி இது ஒன்றுதான். பாட்டிலில் எச்.வி.இ. என்று போட மூலப்பொருளில் குறைந்தது 95 சதவீதம் சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலிருந்து வர வேண்டும். விவசாயிகள் உள்ளே வராவிட்டால் இந்த எளிய முத்திரைகூட நிறுவனத்துக்கு எட்டாது.

முழு இயற்கைச் சான்றிதழ்: செம்பும் மழையும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதி 2022 முதல் நடப்பில் இருக்கிறது. செயற்கை மருந்து, செயற்கை உரம், களைக்கொல்லி எதுவும் கூடாது. மாறுகாலம் 36 மாதம். முதல் ஆண்டுப் பழம் சாதாரணப் பழமாகவே கருதப்படும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பழத்தை "மாற்றத்தில் உள்ளது" என்று சொல்லலாம்.

ஷாம்பெயினில் இந்த வழியைக் குலைப்பது அடிச்சாம்பல் நோய். தளிர் 10 சென்டிமீட்டர் நீண்டு, வெப்பம் 10 டிகிரியைத் தாண்டி, 10 மில்லிமீட்டர் மழையும் பெய்துவிட்டால் முதல் தொற்றுக்கு வழி திறந்துவிட்டது என்று விவசாயிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இலையின் மேல்புறத்தில் எண்ணெய் சொட்டியதுபோல் மஞ்சள் திட்டு விழும். புரட்டிப் பார்த்தால் அதே இடத்தில் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருக்கும். இலையோடு நின்றால் சமாளிக்கலாம். பூக்கும் சமயத்தில் குலைக்குத் தாவிவிட்டால் அந்தக் குலை போனது போனதுதான்.

சாதாரண முறையில் செடிக்குள் ஊடுருவும் மருந்து 12 முதல் 14 நாள் வரை காக்கும். இயற்கை முறையில் அதற்குப் பதிலாக அடிக்கும் செம்பு இலையின் மேல் மட்டும் படிந்திருப்பது. 20, 25 மில்லிமீட்டர் மழையில் கழுவிக்கொண்டு போய்விடும். அடித்த பிறகு விரிந்த புதுக் கொழுந்தில் அது இருக்காது. ஆகவே ஒவ்வொரு மழைக்கு முன்னும் அடித்தாக வேண்டும். நோய் வந்தபின் அடிப்பதில் பயனில்லை, செம்பு எதையும் குணப்படுத்தாது. மழை ஞாயிற்றுக்கிழமை வருமென்றால் சனிக்கிழமை இரவில் ஓட்டுநர் வேண்டும். ஷாம்பெயினில் மருந்தடிப்பை வெளி ஒப்பந்தக்காரரிடம் விட்டிருக்கும் குடும்பங்கள் பல. அவர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் வண்டி ஓட்டுவார், உங்கள் முறை மழைக்குப் பிறகு வரலாம். வரிசைகளைத் தாண்டி நிற்கும் உயரக்கால் டிராக்டர் ஒன்று மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஹெக்டேர் அடிக்கும். 18 ஹெக்டேருக்கு 12 முதல் 18 மணி நேரம். சொந்தமாக இரண்டு வண்டியும் ஓட்டத் தெரிந்த மூன்று பேரும் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள்.

செம்புக்கு வரம்பு உண்டு: ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 4. இது உலோகச் செம்பின் எடை, மருந்தின் எடை அல்ல. புதிதாக மாறுபவர்கள் தடுமாறும் இடம் இதுதான். 20 சதவீதச் செம்பு உள்ள போர்டோ கலவை 2 கிலோ அடித்தால் கணக்கில் ஏறுவது 400 கிராம். ஒரு தடவைக்கு 300 கிராம் என்றால் 4 கிலோவுக்கு 13 தடவை வரும். 2021-ல் ஏப்ரல் உறைபனியும் அதைத் தொடர்ந்த ஓயாத மழையுமாக, இயற்கை முறைத் தோட்டங்கள் பல பெரும்பகுதி விளைச்சலை இழந்தன. 2024-லும் அடிச்சாம்பல் பலமாகவே அடித்தது. ஏழு ஆண்டில் இப்படி இரண்டு ஆண்டுக்கு ஆறாறு கிலோ போய்விட்டால் மீதி ஐந்து ஆண்டுக்கு 16 கிலோ, ஆண்டுக்கு 3.2. நல்ல ஆண்டுகளில் கையை அடக்குகிறவர்தான் கெட்ட ஆண்டில் தப்பிப்பார். முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப் பதிவேடு வையுங்கள்.

சாம்பல் நோய் வேறு, அதற்குக் கந்தகம் இருக்கிறது, பெரிய தலைவலி இல்லை. கடும் வெயிலில் அடித்தால் பழம் வெந்துபோகும், அவ்வளவே. குலைப்புழுவுக்கு ஹெக்டேருக்கு 500 இனக்கவர்ச்சி வில்லைகள் கட்டி ஆண் அந்துப்பூச்சியைக் குழப்பும் முறை ஷாம்பெயினில் ஏற்கெனவே பரவலாக உள்ளது. இங்கே புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை.

களை வேறு கதை. ஹெக்டேருக்கு 8,000 கொடி, வரிசைக்கு வரிசை ஒரு மீட்டருக்குச் சற்றே மேல். பல ஆண்டு களைக்கொல்லி அடித்த நிலத்தில் கொடியின் வேர் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். கொடியடியில் கத்தி ஓட்டினால் அந்த வேர்கள் அறுபடும். முதல் இரண்டு மூன்று ஆண்டு விளைச்சல் குறைவதற்கு நோயைவிட இதுவே பெரிய காரணமாக இருப்பதுண்டு. அதனால் ஆழம் வேண்டாம், 5 சென்டிமீட்டருக்குள் நிறுத்துங்கள். சரிவில் உழுதால் மண் அடித்துக்கொண்டு போகும், அங்கே புல் விடுவது மேல். ஆனால் புல்லை வெட்டாமல் விட்டால் ஏப்ரல் உறைபனி கூடுதலாகத் தாக்கும். தழைச்சத்தையும் புல் பங்குபோட்டுக்கொள்ளும். சாற்றில் ஈஸ்டுக்குக் கிடைக்கும் தழைச்சத்து லிட்டருக்கு 150 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நொதிப்பு திணறும். நம்மூர் வயலுக்குப் போடும் அதே டி.ஏ.பி. இயற்கைத் தோட்டத்தின் மண்ணில் தடை, இயற்கை ஒயின் தொட்டியில் நொதிப்புக்கு அனுமதி! விசித்திரம்தான், ஆனால் விதி அப்படி இருக்கிறது.

இன்னொரு சிக்கல் துண்டு நிலம். 25 மீட்டர் அகலத் துண்டில் 22 வரிசை இருக்கும். பக்கத்து விவசாயி அடிக்கும் மருந்து ஓர வரிசைகளில் விழுவதால் இருபுறமும் இரண்டு வரிசையைத் தனியாகப் பறித்துச் சாதாரணப் பழத்தோடு சேர்க்க நேரலாம். நான்கு வரிசை என்றால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. நிலங்கள் ஒரே கட்டாக இருக்கும் குடும்பத்துக்கும் பத்துக் கிராமத்தில் சிதறிக் கிடக்கும் குடும்பத்துக்கும் இதே சான்றிதழ் ஒரே செலவில் கிடைக்காது.

பாதித் தோட்டத்தை மட்டும் மாற்றலாமா?

பலரும் ஆசைப்படும் வழி இது, விதி அவ்வளவு லேசில் விடாது. ஒரே பண்ணையில் ஒரே ரகத்தை இரண்டு முறையிலும் வளர்க்கக் கூடாது என்பதே பொது விதி. பினோ நுவார் திராட்சை ரகத்தில் பாதி இயற்கை, பாதி சாதாரணம் என்று வைத்துக்கொள்ள வேண்டுமானால், கடைசித் துண்டும் ஐந்து ஆண்டுக்குள் மாறத் தொடங்கும் என்று திட்டம் எழுதித் தர வேண்டும். இல்லையேல் பண்ணையையே சட்டப்படி இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஷார்தொனே முழுவதும் முதலில், பினோ நுவார் அடுத்து, மெனியே கடைசியில் என்று ரகவாரியாகப் போவது குழப்பமில்லாதது.

பெரிய குடும்ப நிறுவனங்களில் லூயி ரோடெரர் இந்தப் படிப்படியான பாதையில் போனது. 2000-ஐ ஒட்டிச் சோதனைகளைத் தொடங்கினார்கள். அவர்களின் உச்ச ஷாம்பெயினான கிறிஸ்டலின் 2012 வெளியீடு முழுக்க உயிர்சக்தி (பயோடைனமிக்) முறையில் வளர்ந்த பழம், சான்றிதழ் இல்லாமலே. பிறகு 2021-ல்தான் தோட்டத்தில் ஏறத்தாழ பாதிக்கு, 115 ஹெக்டேருக்கு, இயற்கைச் சான்றிதழ் வந்தது. சான்றிதழ் இல்லாமல் முறையை மட்டும் பின்பற்றுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. மிக மோசமான ஆண்டில் ஒருமுறை ஊடுருவும் மருந்து அடித்து விளைச்சலைக் காப்பாற்றலாம், 36 மாதக் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடாது. ஆனால் விலையில் ஒரு யூரோ கூடக் கேட்க முடியாது. தன் பெயரே முத்திரையாக இருக்கும் நிறுவனத்துக்கு அது கட்டும். மாதிரிக் குடும்பத்தைப் போன்ற நடுத்தர நிறுவனத்துக்குக் கட்டாது என்பதே எங்கள் கணிப்பு.

உயிர்சக்தி முறை

ஓப் மாவட்டத்தின் கூர்த்தெரோனில் ஃப்ளூரி குடும்பம் 1989-லேயே தொடங்கியது. ஷாம்பெயினில் இதற்கு முன்னோடி அவர்கள்தான். இந்த முறைக்கு முத்திரை தரும் டிமீட்டர், பயோடிவின் இரண்டுமே முதலில் இயற்கைச் சான்றிதழ் கேட்கும். ஆகவே இது தனி வழி அல்ல, இயற்கை முறைக்கு மேல் ஒரு மாடி. மாட்டுக்கொம்பில் புதைத்து மக்கவைத்த சாணம் ஹெக்டேருக்கு 100 கிராம், கொம்புச் சிலிக்கா 4 கிராம், ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் தண்ணீரில் சுழற்றிக் கலக்கித் தெளிக்க வேண்டும். பொருட்செலவு சொற்பம், ஆள்நேரம்தான் செலவு. இந்த முறையில் வேலைக்கு நாள் பார்க்கும் கிரகநிலைக் கணக்கில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இதைச் செய்பவர்கள் ஒவ்வொரு கொடியையும் மாதத்துக்குப் பலமுறை நேரில் பார்க்கிறார்கள் என்பது உண்மை, அதன் பலன் தோட்டத்தில் தெரிகிறது. முதல் ஐந்து ஆண்டுக்குள் இதை யோசிக்க வேண்டாம்.

நிலவறையில் மாறுபவை

கந்தக டைஆக்சைடு வரம்பு லிட்டருக்கு 185 மில்லிகிராமிலிருந்து 155 ஆகக் குறையும். பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்கெனவே அதற்கு வெகு கீழேதான் இருக்கின்றன. சர்க்கரைதான் மறந்துவிடும் விஷயம். பாட்டிலுக்குள் குமிழியை உண்டாக்கும் இரண்டாம் நொதிப்புக்கு லிட்டருக்கு 24 கிராம் சர்க்கரை போட்டால் பாட்டிலில் 6 பார் அழுத்தம் வரும். 1,53,000 பாட்டிலுக்கு ஏறத்தாழ 2.75 டன். அத்தனையும் இயற்கைச் சான்றிதழ் பெற்ற சர்க்கரையாக இருக்க வேண்டும். கடைசியில் இனிப்பு சரிசெய்யப் போடுவதும் அப்படியே. முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டார்டாரிக் படிகம் விழாமல் இருக்க செல்லுலோஸ் கோந்தோ மின்பகுப்புச் சவ்வோ பயன்படுத்தும் நிறுவனங்கள் இயற்கை ஒயினில் இரண்டையும் விட வேண்டும். பழையபடி மைனஸ் 4 டிகிரியில் சில நாள் குளிரவைப்பதுதான் முக்கிய வழி. குளிரூட்டும் தொட்டி இல்லையென்றால் அது ஒரு முதலீடு.

கிராமத்துப் பொதுப் பிழிபொறியில் பிழிகிறீர்கள் என்றால் அந்தக் கூடமும் சான்றிதழுக்குள் வர வேண்டும். காலையில் கழுவிய பொறியில் இயற்கைப் பழம் முதலில், சாதாரணப் பழம் பிறகு. 4,000 கிலோ சேராத சிறு துண்டுகளை ஒரே நாளில் பறிக்கும்படி அட்டவணை போடாவிட்டால் அரைகுறையாக நிரம்பிய பொறியில்தான் பிழிய வேண்டிவரும்.

நாள் குறிப்பதில் ஒரு கண்ணி

மூன்று ஆண்டு முழுதாக முடிந்த பிறகு வரும் அறுவடைதான் இயற்கை. 2027 செப்டம்பர் 1-ல் பதிந்துவிட்டு 2030-ல் பழம் ஆகஸ்ட் 25-லேயே பழுத்தால் ஒரு வாரத்தில் ஓர் ஆண்டு போயிற்று. ஆகஸ்ட் அறுவடை இப்போது ஷாம்பெயினில் அதிசயமே இல்லை. ஜூலை முடிவதற்குள் பதியுங்கள். அதற்கு முந்தைய கடைசி ரசாயனத் தெளிப்பின் தேதியையும் எழுதி வையுங்கள். 2030 அறுவடையைப் பாட்டிலில் அடைப்பது 2031 வசந்தத்தில். சட்டப்படிக் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும், நல்ல நிறுவனங்கள் கூடுதலாகவே வைக்கும். அப்படியானால் முதல் பாட்டில் 2033. இயற்கைச் சேமிப்பு ஒயினும் சேர்ந்த கலவை வேண்டுமென்றால் இன்னும் இரண்டு மூன்று ஆண்டு. இந்தக் காலம் முழுவதும் செலவு உண்டு, கூடுதல் வருமானம் இல்லை.

இதற்கு ஷாம்பெயினுக்கே உரிய ஒரு மெத்தை இருக்கிறது. ஆண்டுதோறும் விற்பனைக்கு அனுமதிக்கும் அளவுக்கு மேல் விளைந்ததை ஹெக்டேருக்கு 10,000 கிலோ வரை தனிச் சேமிப்பாக வைத்து, விளைச்சல் படுத்த ஆண்டில் எடுத்துக்கொள்ளலாம். மாற்றத்தைத் தொடங்கும் முன் இதை விளிம்பு வரை நிரப்புங்கள். அது இயற்கை முத்திரைக்கு உதவாது, மற்றப் பாட்டில்களில்தான் போகும். ஆனால் 2021 போன்ற ஆண்டு திரும்பி வந்தால் கூலி கொடுக்கவும் கடன் கட்டவும் அதுதான் கைகொடுக்கும். சேமிப்பு காலியாக இருக்கும்போது மாறத் தொடங்குவதுதான் குடும்பங்களைக் கவிழ்க்கும் தவறு.

எங்கள் வரிசை

மாதிரி நிறுவனத்துக்கு நாங்கள் சொல்வது: முதல் இரண்டு ஆண்டில் 60 ஹெக்டேருக்கும் வி.டி.சி., எச்.வி.இ. அதே சமயம் சொந்த 18 ஹெக்டேரில் களைக்கொல்லியை நிறுத்தி, முத்திரை இல்லாமல் செம்பில் ஒரு பருவம் பழகுங்கள். பிறகு ரகவாரியாகச் சான்றிதழுக்குப் பதியுங்கள். அந்தப் பழத்தை முக்கிய ப்ரூட்டில் கரைக்காமல் தனிப் பெயரில் ஒரு கூவே (தனிக் கலவை) ஆக வெளியிடுங்கள். தமெரி கிராமத்து டெல்மோன் "ரெசெர்வ் த லா தேர்" என்று செய்தது இதைத்தான். அவர்கள் பழம் தரும் விவசாயிகளையும் 2031-க்குள் மாற்றுவதாக இலக்கு வைத்திருக்கிறார்கள். அது ரெமி குவாந்த்ரோ என்ற பெரிய மதுக் குழுமம் பின்னால் நிற்கும் நிறுவனத்தின் வேகம். சொந்தக் காலில் நிற்கும் குடும்பம் அதைப் பார்த்து ஓட வேண்டியதில்லை.

விவசாயிகளை இழுக்க வேண்டுமென்றால் மாறுகால மூன்று ஆண்டுக்கும் கூடுதல் விலையை எழுத்தில் கொடுங்கள், சான்றிதழ் வந்தபின் தருகிறோம் என்பது பலிக்காது. உங்கள் துண்டுகளை ஒட்டி நிலம் வைத்திருப்பவரை முதலில் அணுகுங்கள். அவர் மாறினால் உங்கள் ஓர வரிசைகளும் மீளும்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். இயற்கை முறையால் கரி உமிழ்வு தானாகக் குறையாது. டிராக்டர் ஓட்டம் கூடுவதால் டீசல் கூடவும் செய்யும். ஷாம்பெயினின் கரிக் கணக்கில் பெரிய பங்கு பாட்டிலும் பெட்டியும்தான். 2010-ல் பாட்டில் 900 கிராமிலிருந்து 835 ஆனது. டெல்மோன் 800 கிராமில் சோதித்து எடுத்துக்கொண்டது. மாதிரி நிறுவனம் 35 கிராம் குறைத்தால் 5,10,000 பாட்டிலில் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 18 டன் கண்ணாடி மிச்சம். பரிசுப் பெட்டியை நிறுத்துவதற்கும் இலேசான பாட்டிலுக்கு மாறுவதற்கும் 36 மாதம் காத்திருக்க வேண்டாம், விவசாயிகளின் சம்மதமும் வேண்டாம். அடுத்த பாட்டில் ஆர்டரிலேயே ஆரம்பிக்கலாம். 6 பார் அழுத்தத்துக்குக் கண்ணாடி ஆலையின் சோதனை அறிக்கையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.